மதகு வரை வந்த பாட்டு

சேசு மரி சூசை துணை

மடம், சேலம்
14.1.1969

அன்புள்ள அண்ணன் தனிஸ்லாசுக்கு, தங்கை அந்தோணி மேரி எழுதிக்கொள்வது. ஆண்டவர் புண்ணியத்தில் நான் சுகம். அங்கே நீயும் அண்ணியும் அம்மாவும் எப்படி இருக்கிறீர்கள்? இந்தப் பனிக்கு அம்மாவின் இளைப்பு கூடியிருக்குமே. வெந்நீர் வைத்துக் கொடுக்கிறாயா, இல்லை விடிந்ததும் கரணையைத் தூக்கிக்கொண்டு கொத்து வேலைக்கு ஓடிவிடுகிறாயா?

ஒரு சந்தோஷச் செய்தி. மே மாதம் 22ஆம் தேதி எனக்கு நித்திய வார்த்தைப்பாடு. நாங்கள் ஐந்து பேர். அதன் பிறகு சாகும்வரை நான் மடத்துப் பிள்ளை. அன்றைய பூசையில் பாட வெளியிலிருந்து ஒருவரை அழைக்கலாம் என்று மதர் சொன்னார்கள். நான் யோசிக்கவே இல்லை. நம் ஊர் பாட்டு வாத்தியார் அமிர்தசாமி ஐயா பெயரைச் சொல்லிவிட்டேன்.

உனக்கு நினைவிருக்கும். அப்போது எனக்குப் பதினோரு வயது. கோயிலில் சேரி ஜனங்கள் நாம் பின்னால் இடது பக்கம் தரையில்தானே உட்காருவோம். அங்கிருந்து நான் பாடியதைக் கேட்டுவிட்டு, ஐயா ஆர்மோனியத்தை நிறுத்தி, "அந்தப் பொண்ண முன்னால வரச் சொல்லு" என்றார். ஊர்த்தெருப் பெண்கள் புடவையை இழுத்து ஒதுக்கினார்கள். "பாட்டுக்கு ஏதும்மா தெரு?" என்று அவர்களைப் பார்த்துக் கேட்டார். ஆண்டவர் என்னை அழைத்த நாள் அதுதான் என்று நான் இன்றைக்கும் நம்புகிறேன். அழைத்த குரல் வாத்தியாருடையது.

நீ நேரில் போய்க் கேட்டு எழுது. விபூதிப் புதனில் தவக்காலம் தொடங்கியதிலிருந்து, ஆண்டவர் உயிர்த்த பாஸ்கா முடியும்வரை எங்களுக்குக் கடிதம் கிடையாது. வருவதையெல்லாம் மதர் அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, பாஸ்கா வாரத்தில் மொத்தமாகத் தருவார்கள். அதனால் சீக்கிரம் எழுது. அம்மாவுக்கு என் முத்தம்.

உன் தங்கை,
அந்தோணி மேரி

---

3.2.1969

அன்புள்ள தங்கச்சிக்கு, அண்ணன் தனிஸ்லாஸ். சிஸ்டர் என்று எழுத உட்கார்ந்தால் கை வரமாட்டேன் என்கிறது. மன்னித்துக்கொள். இங்கே எல்லாரும் சுகம். அம்மாவின் இளைப்பு மட்டும் வந்த விருந்தாளி போகாத மாதிரி குந்திக்கொண்டிருக்கிறது.

வாத்தியாரைக் கேட்டேன். "என் பொண்ணு கூப்பிட்டா வராம இருப்பேனா?" என்றார். ஆனால் இப்போது அவர் வெறும் வாத்தியார் இல்லை. நம் தொகுதிக்குத் தேர்தலில் நிற்கிறார். கழுத்தில் துண்டு, பின்னால் ஜீப், ஜீப்பில் ஆர்மோனியம். பேச்சு கால் மணி, பாட்டு முக்கால் மணி. ஜனம் பாட்டுக்குத்தான் வருகிறது, கட்சிக்காரர்கள் பேச்சுக்கு வந்ததாக எழுதிக்கொள்கிறார்கள்.

ஒரு வேடிக்கை சொல்லட்டுமா? போன ஞாயிறு வில்லியனூர் சிவன் கோயிலில் தேங்காய் உடைத்து, நெற்றி நிறைய திருநீறு பூசிக்கொண்டார். அங்கிருந்து நம் கோயிலுக்கு வரும் வழியில் ஜீப்பை நிறுத்தி, வாய்க்காலில் இறங்கி நெற்றியைக் கழுவினார். நான் கரையில் செங்கல் இறக்கிக்கொண்டிருந்தேன். என்னைப் பார்த்துச் சிரித்தார். "இன்னா செய்றது தனிஸ்லாசு, எல்லார் வூட்டுலயும் ஓட்டு இருக்குதே" என்றார். நானும் சிரித்தேன். அரசியல் என்றால் அப்படி இப்படித்தான் இருக்கும், நீ மனசில் வைத்துக்கொள்ளாதே.

பெரிய விஷயம் இனிமேல்தான். பெரிய வெள்ளியன்று ஆண்டவர் சுரூபத்தைத் தூம்பாப் பெட்டியில் கிடத்திச் சுமந்து வருவார்களே, அது என்றைக்காவது நம் தெருவுக்கு வந்திருக்கிறதா? வாய்க்கால் மதகோடு திரும்பிவிடும். நாம் இந்தப் பக்கம் முழங்காலில் நின்று பார்ப்போம். நேற்று அதே மதகின்மேல் நின்று மைக்கில் சொன்னார்: "இந்த வருஷம் தூம்பா இந்த மதகைத் தாண்டும். நானே முன்னால பாடிக்கினு வருவேன். இது கட்சி வாக்கு இல்ல, ஆண்டவர் மேல சத்தியம்." அம்மா கட்டிலில் படுத்தபடி அதைக் கேட்டாள். "நான் பாத்துட்டுத்தான்டா சாவேன்" என்று சொல்லி, அன்று இரண்டு வாய் கூடுதலாகச் சாப்பிட்டாள்.

இப்படிக்கு அண்ணன்,
தனிஸ்லாஸ்

---

சேசு மரி சூசை துணை

12.2.1969

அண்ணா, உன் கடிதத்தை நாலு தடவை வாசித்துவிட்டேன். உடம்புக்கு ஒன்றுமில்லை, நன்றாயிருக்கிறேன். சமையல்கட்டுக்குப் பின்னால் நின்று ஒருபாடு அழுதேன், அது சந்தோஷம்.

வாய்க்காலில் முகம் கழுவியதை நீ எழுதாமல் இருந்திருக்கலாம். எழுதியது நல்லதுதான், எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் தூம்பா மதகைத் தாண்டுவதற்கு ஒருவர் நாலு தடவை முகம் கழுவினால்தான் என்ன?

அம்மாவைப் பனியில் விடாதே. பாஸ்கா வாரத்தில் உன் கடிதங்களை எதிர்பார்த்திருப்பேன். எனக்குக் கிடைக்காவிட்டாலும் எழுதிப் போட்டுக்கொண்டே இரு. அலமாரியில் அவை இருக்கின்றன என்ற நினைப்பே எனக்குத் துணை.

அந்தோணி மேரி

---

12.3.1969

அன்புள்ள தங்கச்சிக்கு, இங்கே அனைவரும் நலம். உன் அலமாரிக்கு எழுதுகிறேன்.

ஐயா ஜெயித்துவிட்டார்! நேற்று எண்ணி முடித்தார்கள். ஊர்த்தெரு இரண்டாகப் பிரிந்து போட்டது. நம் தெரு ஓட்டு ஒன்றுகூடச் சிதறவில்லை. அவர் ஜெயித்தது நம் தெருவால்தான் என்று எதிர்க்கட்சிக்காரனே சொல்கிறான். அம்மாவைக் கட்டிலோடு தூக்கிப் போனோம். ஓட்டுச்சாவடி வாசலில் அதிகாரி, "பாட்டி, யாருக்குப் போடணும்னு தெரியுமா?" என்று கேட்டார். "பாட்டுக்காரருக்கு" என்று சத்தமாகச் சொல்லிவிட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள். இருமல் வந்து சிரிப்பைப் பாதியில் நிறுத்தியது.

ஊர்வலம் நம் மதகு வரை வந்தது. ஐயா ஜீப்பில் நின்று கையெடுத்துக் கும்பிட்டார். இறங்கவில்லை, நேரமாகிவிட்டதாம்.

அண்ணன்,
தனிஸ்லாஸ்

---

27.3.1969

அன்புள்ள தங்கச்சிக்கு, நாங்கள் சுகமே. அம்மா முன்னைவிடத் தேவலை. பெரிய வெள்ளி வருகிறதென்ற தெம்பு.

நம் தெருவைப் பார்த்தால் உனக்கு அடையாளம் தெரியாது. வீட்டுக்கு வீடு சுண்ணாம்பு அடித்துவிட்டோம். வேலை முடிந்து வந்து நானே பூசினேன். மதகின் இந்தப் பக்கம் மண் உள்வாங்கியிருந்ததை ஜல்லி கொட்டிக் கெட்டிப்படுத்தினேன், தூம்பா சுமப்பவர்கள் கால் இடறக்கூடாது பார். காசம்மாள் அத்தை வீட்டு ஆடுகளுக்கு அன்று வெளியே வர அனுமதி இல்லை.

அம்மா தன் கட்டிலை மதகடியில் போடச் சொல்கிறாள். முதலில் தன் கண்ணில்தான் பட வேண்டுமாம். மெழுகுவத்தி வாங்கித் தலையணைக்கடியில் வைத்திருக்கிறாள்.

ஐயாவைப் பார்த்து வழியெல்லாம் பேசி வைக்கலாம் என்று மூன்று தடவை போனேன். வீட்டில் ஊர்த்தெருப் பெரியவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அப்புறம் வா என்றார்கள். எம்.எல்.ஏ. என்றால் ஆயிரம் ஜோலி இருக்கும். நான் ஒன்றும் நினைக்கவில்லை.

அண்ணன்,
தனிஸ்லாஸ்

---

6.4.1969
பாஸ்கா ஞாயிறு

அன்புள்ள தங்கச்சிக்கு, அண்ணன் எழுதுவது. மனசைத் திடப்படுத்திக்கொண்டு வாசி.

அம்மா பெரிய வெள்ளி சாயங்காலம் ஆண்டவரிடம் போய்விட்டாள். கஷ்டப்படவில்லை. தூம்பா நம் தெருவுக்கு வந்தது. அம்மா பார்த்தாள். ஐயா அம்மாவின் தலைமாட்டில் நின்று மாதாவின் வியாகுலப் புலம்பல் பாடினார். கேட்டுக்கொண்டே போய்விட்டாள். நேற்று அடக்கம் செய்தோம். தபாலாபீஸ் மூடியிருந்ததால் தந்தி கொடுக்க முடியவில்லை.

நீ உன் வார்த்தைப்பாட்டை நல்லபடி முடி. அம்மா அதைத்தான் விரும்பினாள்.

தனிஸ்லாஸ்

---

சேசு மரி சூசை துணை

10.4.1969

என் அண்ணனுக்கு, நீயும் அண்ணியும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். முதலில் அதை எழுதிவிடுகிறேன், பிறகு எழுத முடியாமல் போய்விடும்.

நேற்றுப் புதன்கிழமை மதர் அலமாரியைத் திறந்தார்கள். உன் கடிதம் மூன்று, நூலில் கட்டியபடி. மேலே இருந்ததை முதலில் பிரித்தேன். அதுதான் கடைசிக் கடிதம்.

பிறகு மற்ற இரண்டையும் வாசித்தேன். அம்மா செத்ததைத் தெரிந்துகொண்ட பிறகு, அம்மா ஓட்டுச்சாவடியில் சிரித்ததை வாசித்தேன். "அம்மா முன்னைவிடத் தேவலை" என்று வாசித்தேன். எனக்கு அவள் பின்னாலிருந்து முன்னால் வந்தாள் அண்ணா. சுண்ணாம்பு அடித்த தெருவில், தலையணைக்கடியில் மெழுகுவத்தியோடு, இன்னும் காத்துக்கொண்டிருக்கிறாள். கோயிலில் கண்ணை மூடினால் இரும்புகிறாள்.

ஒரே ஆறுதல், தூம்பாவைப் பார்த்துவிட்டாள். அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டே போனாள். எத்தனை ராணிகளுக்கு அது கிடைக்கும்? புலம்பலில் எந்த அடி பாடும்போது உயிர் போனது? "ஆணி வாங்கின கையாலே தண்ணி கேட்டாயே மகனே" என்ற அடியா? எனக்கு எழுது. அந்த இடம் வரும்போது நான் அம்மாவை நினைத்துக்கொள்வேன்.

ஐயாவுக்கும் இன்றே நன்றிக் கடிதம் எழுதித் தபாலில் சேர்த்துவிட்டேன். சேரிக் கிழவியின் தலைமாட்டில் ஒரு எம்.எல்.ஏ. நின்று பாடினார் என்பதை நான் மோட்சத்திலும் மறக்கமாட்டேன் என்று எழுதினேன்.

அந்தோணி மேரி

---

சேசு மரி சூசை துணை

30.4.1969

அண்ணா, நலம்தானே? இருபது நாளாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. நான் கேட்டது உனக்கு வருத்தமாக இருந்திருக்கும். நீ எழுத வேண்டாம். ஐயாவே எழுதிவிட்டார். சட்டசபை முத்திரை போட்ட தாள். அப்படியே எழுதுகிறேன்:

"அன்பு மகள் சிஸ்டர் அந்தோணி மேரிக்கு ஆசீர். உன் தாயாரின் தலைமாட்டில் பாடியது என் பாக்கியம். அந்த அம்மாள் என் கையைப் பற்றிக்கொண்டது இன்னும் கையில் சூடாக இருக்கிறது. மே 22 அவசியம் வருகிறேன்."

அம்மா அவர் கையைப் பிடித்தாள் என்பதை நீ ஏன் எழுதவில்லை? துக்கத்தில் விட்டுப்போயிருக்கும். உடம்பு சரியில்லையென்றால் அண்ணியை விட்டாவது இரண்டு வரி எழுதச் சொல்.

அந்தோணி மேரி

---

6.5.1969

தங்கச்சிக்கு, நாங்கள் உடம்பால் சுகம்.

இதை உன் வார்த்தைப்பாடு முடிந்தபின் எழுத நினைத்தேன். வாழ்நாள் முழுக்க எழுதாமலே விட்டுவிடலாம் என்றுகூட நினைத்தேன். இனி முடியாது.

அவர் வரவில்லை, மேரி. தூம்பா வரவில்லை.

பெரிய வெள்ளி வெயில் தாழ்ந்ததும் நாலு பேர் அம்மாவைக் கட்டிலோடு தூக்கி மதகடியில் வைத்தோம். தெருவே மெழுகுவத்தியோடு நின்றது. மணி அடிக்காத நாள், மரக்கட்டையைத் தட்டும் சத்தம் முதலில் கேட்டது. பிறகு அவர் குரல். தூம்பாவுக்கு முன்னால் நடந்து வந்தார். எப்படிப் பாடினார் தெரியுமா? அந்த மாதிரி அவர் பாடி நான் கேட்டதில்லை. காசம்மாள் அத்தை அப்போதே தேம்ப ஆரம்பித்துவிட்டாள்.

மதகின் அந்தப் பக்கம் ஊர்த்தெருப் பெரியவர்கள் பத்துப் பேர் வரிசையாக நின்றிருந்தார்கள். ஒருத்தரும் ஒரு வார்த்தை பேசவில்லை. வாத்தியார் அவர்களைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். கட்டிலையும் பார்த்தார், நான் அவர் கண்ணைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பிறகு வடக்கே திரும்பி நடந்தார். தூம்பாவும் பின்னாலேயே திரும்பியது. பாட்டு ஓர் இடத்தில்கூட அறுபடவில்லை. குரல் கொஞ்சம் நடுங்கியிருந்தாலும் நான் அவரை மன்னித்திருப்பேன்.

அம்மாவுக்குத்தான் கண் சரியாகத் தெரியாதே. "இன்னாடா, பாட்டு தூரப் போவுது?" என்றாள். "சுத்திக்கினு வராங்கம்மா, இதோ வந்துருவாங்க" என்றேன். "வரட்டும், வரட்டும்" என்றாள். மெழுகு உருகிக் கையில் வழிந்தது. துடைக்கப் போனேன், விடவில்லை. இன்னொரு தடவை, "வராங்களா?" என்றாள். வருகிறார்கள் என்றேன். அப்புறம் கேட்கவில்லை.

சனிக்கிழமை மணியும் இல்லாமல் பாட்டும் இல்லாமல் புதைத்தோம். ஆள் அனுப்பினேன், ஐயா டவுனுக்குப் போய்விட்டார் என்றார்கள்.

அம்மாவிடம் சொன்ன பொய்யைத்தான் உனக்கும் எழுதினேன். அவருடைய குரலைக் கேட்டு ஆண்டவரிடம் போனவள் நீ. அந்தக் குரல் பொய் என்று தெரிந்தால் மே மாதம் எதன்மேல் கைவைத்துச் சத்தியம் செய்வாய் என்று பயந்தேன்.

அது எங்கே கொண்டுவிட்டது பார். பாஸ்கா முடிந்ததும் நம் தெரு முழுக்கச் சேர்ந்து மேலிடத்துச் சாமியார்களுக்கு மனு எழுதினோம். வாக்கு கொடுத்து ஓட்டு வாங்கினார், தூம்பாவைத் திருப்பினார், நியாயம் கிடைக்கும்வரை பூசைக்கு வரமாட்டோம் என்று. முதல் கையெழுத்து என்னுடையது. போன வாரம் நன்றிக் கூட்டத்தில் வாத்தியார் உன் கடிதத்தை மைக்கில் வாசித்தார். "சேரிக் கிழவியின் தலைமாட்டில்" என்று நீ எழுதிய இடத்தில் குரலை ஏற்றி இறக்கி, பாட்டு மாதிரியே வாசித்தார். கை தட்டினார்கள். அதன் நகல் மேலிடத்துக்கும் போய்விட்டது. கன்னியாஸ்திரி பொய் சொல்வாளா?

நம் தெருவில் என்னோடு யாரும் பேசுவதில்லை. "மனுவுல கையெழுத்துப் போட்டுட்டு, தங்கச்சிக்கு வேற மாதிரி எழுதுனியே, அவங்கிட்ட இன்னாடா வாங்கின?" என்று காசம்மாள் அத்தை வாசலில் நின்று கேட்டாள்.

நீதான் உண்மையை மேலிடத்துக்கு எழுத வேண்டும். எழுது என்று சொல்ல எனக்கு வாய் இல்லை. எழுதினால் உனக்கு என்ன ஆகும் என்றும் தெரியவில்லை.

தனிஸ்லாஸ்

---

சேசு மரி சூசை துணை

24.5.1969

அண்ணா, உடம்புக்கு நான் நன்றாயிருக்கிறேன்.

உன் கடிதம் வந்த நாள் உன்மேல் எனக்கு வந்த கோபம் அவர்மேல் வரவில்லை. அம்மாவை என்னிடமிருந்து இரண்டு தடவை எடுத்துவிட்டாய். முதல் தடவை அவள் உயிரை, இரண்டாவது தடவை அவளுக்குக் கிடைத்த நல்ல சாவை. மூன்று நாள் நான் உன்னைச் சபித்தேன். பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிட்டேன், இப்போது உன்னிடமும் சொல்கிறேன்.

நாலாம் நாள் மேலிடத்துக்கு எழுதினேன். முன்பு எழுதியது நடக்காதது, நான் விசாரிக்காமல் எழுதியது என்று. மதரிடம் காட்டினேன். "இது அரசியல். இதை அனுப்பினால் இந்த வருஷம் உனக்கு வார்த்தைப்பாடு கிடையாது" என்றார்கள். கோபமாகச் சொல்லவில்லை, பாவமாகத்தான் சொன்னார்கள். அனுப்பிவிட்டேன். 22ஆம் தேதி நாலு பேர் பீடத்துக்குமுன் நின்றார்கள். நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

அவர் வந்தார். கட்சிக் கார், சரிகைத் துண்டு. அவரை வரவேண்டாம் என்று எழுத எனக்குத் தோன்றவில்லை. ஒருவேளை, முகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று நினைத்தேனோ என்னவோ. அண்ணா, பாடினார். குரலில் ஏதாவது மாறியிருக்கும், கெட்டுப்போன பால் மாதிரி ஒரு வாடையாவது வரும் என்று கூர்ந்து கேட்டேன். ஒன்றுமே இல்லை. அதே குரல். நான் அழுதுவிட்டேன். என் அழுகையை நானே வெறுத்துக்கொண்டு அழுதேன்.

பூசை முடிந்து மோர் கொண்டுபோய்க் கொடுத்தேன். "ஐயா, அம்மா தலைமாட்டில் எந்த அடி பாடினீங்க?" என்று கேட்டேன். திணறுவார், பார்வையைத் தாழ்த்துவார் என்று காத்திருந்தேன். டம்ளரைக் கீழே வைத்தார். "ஆணி வாங்கின கையாலேன்னு எடுத்தேம்மா. கண்ணைத் திறந்து என்னைப் பாத்தாங்க. கையப் புடிச்சாங்க" என்று சொல்லித் தன் கையைத் தடவிக்கொண்டார். அவர் கண்ணில் தண்ணீர் வந்தது. நடிப்பு இல்லை அண்ணா, எனக்கு நடிப்பு தெரியும். அவர் நம்பிவிட்டார். அன்றைக்கு அங்கே நின்று பாடியதாகவே நினைக்கிறார்.

"எங்கம்மா மதகடியில காத்துக்கிட்டே செத்தாங்க ஐயா. நீங்க வடக்க திரும்பிட்டீங்க" என்றேன். என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "துக்கம்மா. துக்கம் அப்படித்தான் பேச வைக்கும்" என்று என் தலையில் கைவைத்து ஆசீர்வதித்துவிட்டுக் காரில் ஏறிவிட்டார். அந்தக் கை பட்ட இடம் இரண்டு நாளாக எனக்குக் கூசுகிறது.

பொய் சொல்கிறவனைத் திருத்த ஆண்டவருக்கு வழி இருக்கும். இவருக்கு என்ன வழி? அந்தப் பொய்யை அவர் எங்கும் திருடவில்லை. நீ செய்தாய், நான் அதற்குத் துணி போர்த்தி அவருக்கு அனுப்பினேன்.

அண்ணிக்கு என் அன்பு.

அந்தோணி மேரி

---

2.8.1969

அன்புள்ள தங்கச்சிக்கு, இங்கே நானும் உன் அண்ணியும் இருக்கிறோம். நீ நன்றாயிருக்க வேண்டும். உன் கோபம் நியாயம். அதனால்தான் இரண்டு மாதம் பேனாவை எடுக்கவில்லை.

மேலிடத்திலிருந்து விசாரணைக்கு ஒரு சாமியார் வந்தார். ஒரே சகோதரியின் கையெழுத்தில் இரண்டு கடிதம் இருக்கிறது, எதை நம்புவது என்று கேட்டார். மனுவை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார். அவ்வளவுதான். நம் ஜனம் ஒவ்வொருவராகப் பூசைக்குத் திரும்பிவிட்டது. குழந்தைக்கு ஞானஸ்நானம், பெண்ணுக்குக் கல்யாணம் என்று வந்தால் எத்தனை நாள் வீம்பு பிடிப்பது?

இப்போது மதகின் அந்தப் பக்கம் சிலுவை வைத்து ஒரு சின்னக் குருசடி கட்டியிருக்கிறார்கள். வாத்தியார் செலவு. மேஸ்திரி முதலில் என்னிடம்தான் வந்து, "உங்கம்மாவுக்குத்தான்டா கட்றாங்க, நீயே கட்டு" என்றார். மாட்டேன் என்றேன். சோரியாங்குப்பத்திலிருந்து கொத்தனார் வந்து கட்டினார். நல்ல வேலைக்காரர், சுவர் தூக்குக்குண்டு பிசகாமல் நிற்கிறது. நடுவில் சலவைக்கல். அதில் வெட்டியிருப்பது: "1969 பெரிய வெள்ளியன்று திரு. அமிர்தசாமி எம்.எல்.ஏ. அவர்கள் வியாகுலப் புலம்பல் பாட, அதைக் கேட்டபடியே அன்னாமேரி அம்மாள் ஆண்டவரில் துயில்கொண்ட இடம்."

திறப்பு விழாவில், சாதி செத்த இடம் இது என்று பேசினார். பேசிவிட்டுப் பாடினார். நம் தெருவும் போய்க் கேட்டது. நான் வீட்டுக்குள் இருந்தேன். காதைப் பொத்தலாம் என்றுதான் கையைத் தூக்கினேன், மேரி. பொத்தவில்லை.

தெருப் பிள்ளைகள் அந்தக் கல்லை எழுத்துக்கூட்டி வாசிக்கிறார்கள். நேற்று காசம்மாள் அத்தை மாதக்கணக்கில் பேசாதவள் என்னோடு பேசினாள். அன்றைக்குக் கட்டிலின் கால்மாட்டில் நின்றவள் அவள். "ஏண்டா தனிஸ்லாசு, அவரு கட்டில் வரைக்கும் வந்தாரு இல்ல? நான்தான் கூட்டத்துல சரியாப் பாக்கலபோல" என்றாள். வரவில்லை அத்தை என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

இதை உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்? கொஞ்ச நாளாக எனக்கே அது கேட்கிறது. சாந்து குழைக்கும்போது, அம்மா கட்டிலைத் தாண்டிப் போகும்போது. பாட்டு தூரப் போவதில்லை. கிட்டே வருகிறது. மதகைத் தாண்டி வருகிறது, அம்மா கண்ணைத் திறக்கிறாள், அவர் கையைப் பிடிக்கிறாள். அதை நினைத்தால் எனக்கு நன்றாகத் தூக்கம் வருகிறது. அதுதான் பயமாயிருக்கிறது. நான் எழுதிய பொய் என்று தெரிந்தும் நான் அதில் போய்ப் படுத்துக்கொள்கிறேன்.

அம்மா எப்படிச் செத்தாள் என்று உன் கையால் எழுதி அனுப்பு. என்னிடம் ஒரு தாள் இருக்கட்டும்.

தனிஸ்லாஸ்

---

9.8.1969

அண்ணா,

அவர் வரவில்லை. தூம்பா மதகில் திரும்பிவிட்டது. அம்மா கட்டிலில், கையில் மெழுகு வழிய, பாட்டு தள்ளிப் போவதைக் கேட்டுக்கொண்டு செத்தாள். இரண்டு தடவை கேட்டாள். இரண்டு தடவையும் நீ வருகிறார்கள் என்றாய்.

நான் அங்கே இல்லை. நீ இருந்தாய்.

அந்தோணி மேரி